ஆட்சேபம் இல்லை

எங்கள் நீதிமன்றத்தில் தவணைச் சீட்டை நிறுத்திவிட்டார்கள். வெளியாட்களுக்கு இது செய்தியே அல்ல. தில்லியில் முப்பத்தெட்டு ஆண்டுகள் வக்கீல் தொழில் பார்த்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கும் எனக்கு, பழகிய வீட்டில் யாரோ கதவை இடம் மாற்றி வைத்ததுபோல் இருந்தது.

தவணைச் சீட்டு என்பது அரைப்பக்கத் தாள். நாளைக்கு வழக்கு இருக்கிறது, நம்மால் வர முடியாது என்றால், எதிர்த்தரப்பு வக்கீலுக்கு இன்றே அதை அனுப்ப வேண்டும். 'சொந்தச் சிரமம் காரணமாக வேறு தேதி வேண்டும்' என்று அதில் இருக்கும். என்ன சிரமம் என்று கேட்கக் கூடாது, அது பண்பாடு. எதிர்த்தரப்பு வக்கீல் 'ஆட்சேபம் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார். மறுநாள் நீதிபதி வேறு தேதி கொடுப்பார். யார் சிரமத்தில் இருந்தாரோ அவர் பக்கத்து நீதிமன்றத்தில் வேறு வழக்கில் வாதாடிக் கொண்டிருப்பதைப் பார்க்க நேர்ந்தால் நாம் பார்க்காததுபோல் போய்விட வேண்டும். அதுவும் பண்பாடுதான்.

இந்தச் சீட்டை நான் ஒருமுறைகூட மறுத்ததில்லை என்று வக்கீல்கள் வட்டாரத்தில் எனக்கு ஒரு பெயர் உண்டு. அதனால்தான் மீரா தொலைபேசியில் கூப்பிட்டார். மீரா என்னிடம் ஜூனியராக இருந்தவர், இப்போது தனியாகத் தொழில் செய்கிறார். அவருடைய அம்மா எங்கள் பகுதித் தமிழர்கள் ஆண்டுதோறும் போடும் மலருக்கு ஆசிரியர்.

"ஸார், ஸ்லிப் எல்லாம் பந்த் ஆயிடுச்சு. இப்ப கோர்ட்ல யாருக்கும் மேனர்ஸே இல்ல. உங்க டைம்ல எவ்ளோ டீசன்ட்டா இருந்தீங்கன்னு அம்மா மேகஸினுக்கு ஒரு ஆர்ட்டிகிள் குடுங்க. ஜல்தி வேணும் ஸார்."

மீரா லக்ஷ்மிபாய் நகரில் பிறந்து வளர்ந்தவர். தமிழ் பேசுவார், படிக்கத் தெரியாது. எழுதலாமா வேண்டாமா என்று எனக்கிருந்த தயக்கத்தில் பாதி அதனாலேயே குறைந்தது.

நானும் லக்ஷ்மிபாய் நகர்தான். அப்பா ஒரு அமைச்சகத்தில் குமாஸ்தா. அங்கேயே தமிழ்வழிப் பள்ளியில் படித்தேன். மாலை வகுப்பில் சட்டம் படித்தேன், பகலில் தட்டச்சு செய்தேன். கல்யாணம் ஆனதும் கரோல் பாகில் ஒரு மொட்டைமாடி அறைக்குக் குடிபோனோம். பயிற்சிக் காலத்தைப் பற்றி இதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை. கோப்புகளைத் தூக்கினேன். கனமாக இருந்தன.

தூக்கியது கன்னா சாஹிப்புக்காக. நிலம், நகரத் திட்டம், ஆறு, மரம் சம்பந்தப்பட்ட வழக்குகளில் அன்று அவர் பெரிய ஆள். குரலை உயர்த்தியே நான் கேட்டதில்லை. ஒரு வழக்கு வந்தால் மனுவைப் படிக்க மாட்டார். "பஹ்லே நக்ஷா," என்பார். முதலில் வரைபடம். அதை மேசைமேல் விரித்து, வடக்கு மேலே வரும்படி திருப்பி, நான்கு மூலையிலும் நான்கு சட்டப் புத்தகங்களை வைப்பார். சட்டப் புத்தகங்களை அவர் எடுத்து நான் பார்த்தது பெரும்பாலும் அதற்குத்தான். பிறகு என் ஆள்காட்டி விரலைப் பிடித்து வரைபடத்தில் வைத்து, "நட," என்பார். பஸ் நிறுத்தத்திலிருந்து கட்சிக்காரர் வீட்டுக்கு என் விரல் நடக்க வேண்டும். எங்கேயாவது தடுமாறினால் அன்று மாலையே அந்த இடத்துக்கு நேரில் போய் வர வேண்டும்.

கரோல் பாக் சந்து ஒன்றில் ஒரு தையல் மெஷின் கடைக்காரருடைய வழக்கு அப்படித்தான் ஜெயித்தது. திட்ட வரைபடத்தில் சாலையின் எல்லைக்கோடு அவர் கடையைத் தொட்டது, ஆகவே கடையை இடிக்க வேண்டும் என்றார்கள். கன்னா சாஹிப் ஒரு பூதக்கண்ணாடியும் அடிக்கோலும் எடுத்துப்போனார். வரைபடத்தின் அளவுப்படி பேனாக் கோட்டின் தடிமனே தரையில் பதினைந்து அடி வருகிறது என்று காட்டினார். "என் கட்சிக்காரர் கோட்டுக்கு இந்தப் பக்கமும் இல்லை, அந்தப் பக்கமும் இல்லை. பாவம், மைக்குள்ளே கடை வைத்திருக்கிறார்," என்றார். நீதிபதி பூதக்கண்ணாடியை வாங்கிப் பார்த்தார். கடை இன்னும் இருக்கிறது.

தவணை விஷயத்திலும் நான் அவருடைய மாணவன்தான். சக வக்கீல் தவணை கேட்டால் கொடுத்துவிட வேண்டும். அதைவிட முக்கியம், நிபந்தனை போடக் கூடாது. "நிபந்தனையோடு செய்தால் அது உதவி இல்லை பேட்டா, பேரம்," என்பார். நான் அதைக் கடைசிவரை கடைப்பிடித்தேன். நான் சொல்ல வந்த வழக்கில் நடந்ததெல்லாம் அதனால்தான்.

தில்லியின் தென்மேற்கு ஓரத்தில் ஒரு பழைய கிராமம். பெயர் வேண்டாம். கிராமத்தைச் சுற்றி நகரம் வந்துவிட்டது, நடுவில் ஒரு குளம் மட்டும் மிச்சம். அங்கே அதை ஜோஹட் என்பார்கள். பன்னிரண்டு கல்படிகள். குளத்தை ஒட்டி ஒரு அடுக்குமாடியின் தரைத்தளத்தில் ஸ்டெல்லா சிஸ்டர் இருந்தார். நாகர்கோவில் பக்கம். நாற்பது ஆண்டுகள் தில்லியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். கணவர் ஞானதாஸ் விமானப்படையில் மெக்கானிக்காக இருந்தவர், பக்கவாதம் வந்து படுக்கையில் இருந்தார்.

சிஸ்டர் என்னைத் தேடி வந்த நாள் நினைவிருக்கிறது. ஒரு துணிப்பையிலிருந்து பொது அறிவிப்பு வந்த செய்தித்தாளை எடுத்து வைத்தார். குளம் இருந்த இடத்தில் பக்கத்துக் கல்யாண மண்டபத்துக்குக் கார் நிறுத்துமிடம் வரப் போகிறது.

"சார், மழ பெஞ்சா அந்தத் தெரு வெள்ளம் பூராவும் இந்தக் கொளத்துக்குத்தான் வருது. கொளத்த மூடினா அது நேரா எங்க வீட்டுக்குள்ள வரும், பாத்துக்கிடுங்க. எங்க வீட்டுக்காரர மாடிக்குத் தூக்க முடியாது."

"வேற வீடு பாக்கலாமே சிஸ்டர்?"

"பாக்கலாம். ஆனா வாசலத் தொறந்து வச்சா கட்டில்ல கெடந்தே அவருக்குக் கொளம் தெரியும். வேற எதையும் அவரு பாக்கதில்ல. நாப்பது வருஷம் ஆஸ்பத்திரியில ஆளுக சாகிறத பாத்தவளாக்கும் நான். அவரு ஆஸ்பத்திரியில சாகக் கூடாது. அதுக்குத்தான் கேஸு."

சுற்றுச்சூழல் வழக்குகளில் கட்சிக்காரர்கள் பொதுவாக வருங்காலத் தலைமுறை, பூமி என்றெல்லாம் பேசுவார்கள். இவ்வளவு தெளிவாக ஒரு கோரிக்கையை நான் கேட்டதில்லை.

வழக்கப்படி முதலில் இடத்தைப் பார்க்கப் போனேன். ஜூலைக் கடைசி. குளத்தில் தண்ணீர் நெளிந்தது, எருமைகள் நான்கு கிடந்தன. ஞானதாஸ் கட்டிலில் இருந்தபடி என்னைப் பார்த்து இடது கையில் ஐந்து விரலைக் காட்டினார், பிறகு இரண்டு. ஐம்பத்திரண்டா, ஏழா என்று யோசித்தேன்.

"தண்ணி எத்தனாவது படீன்னு கேக்கிறாரு," என்றார் சிஸ்டர். "ஏழுன்னு அவரு கணக்கு. நான் போய்ப் பாத்துச் சொல்லணும். டெய்லி இதுதான்." வெளியே போய்ப் பார்த்துவிட்டு வந்து, "எட்டு," என்றார். ஞானதாஸ் தோற்றுப்போனவர்போல் சிரித்தார்.

சிஸ்டரிடம் ஒரு நோட்டு இருந்தது. பதினோரு ஆண்டுகளாக, ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்து வந்ததும், தேதி, தண்ணீர் நின்ற படி, பக்கத்தில் ஒரு குறிப்பு. 'எருமை ஆறு.' 'நல்ல மழ.' 'வாத்து வந்திருக்கு.' 'அவருக்குக் காய்ச்சல்.' ஆஸ்பத்திரியில் நோயாளியின் அட்டையில் குறித்த பழக்கம் விடவில்லை. நான் நான்கு பக்கம் புரட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன். வருவாய்த்துறை ஆவணத்தில் குளம் என்று இருக்கிறது, இந்த நோட்டெல்லாம் தேவைப்படாது என்று சொன்னேன்.

எதிர்த்தரப்பின் பதில் மனு ஒரே வரி. 'மேற்படி இடத்தில் நீர்நிலை ஏதும் இல்லை.' அதிகாரிகள் ஆய்வு செய்தது மே மாதம். மே மாதத்தில் தில்லியில் குழாயில்கூட நீர்நிலை இருப்பதில்லை. ஆகவே மழைக்காலம் முடிவதற்குள் கோர்ட் சார்பில் ஒரு கமிஷனரை நியமித்துக் குளத்தை ஆய்வு செய்ய ஒரு மனுவும், அதுவரை இடத்தைத் தொடக் கூடாது என்று தடை கேட்டு ஒரு மனுவும் போட்டேன். இரண்டும் ஆகஸ்டில் ஒரே நாளில் விசாரணைக்கு வந்தன.

முந்தைய நாள் மாலை சீட்டு வந்தது. எதிர்த்தரப்பான மண்டபக்காரர்களுக்கு வக்கீல் மல்ஹோத்ரா. இருபது ஆண்டுப் பழக்கம். அவர் வீட்டு ராஜ்மாவை நானும் என் வீட்டுத் தயிர்சாதத்தை அவரும் சாப்பிட்டு வளர்ந்தவர்கள். சீட்டில் 'சொந்தச் சிரமம்' என்று இருந்தது. தொலைபேசியில் அவரே காரணமும் சொன்னார். அப்பாவுக்குக் கண் ஆபரேஷன்.

ஒரு வாக்கியம் சேர்த்திருக்கலாம். 'அடுத்த தேதி வரை இடம் இருக்கிறபடியே இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு ஆட்சேபம் இல்லை.' அவ்வளவுதான். ஆனால் அது பேரம். மல்ஹோத்ராவை நம்பவில்லை என்று சொல்வதற்குச் சமம். நான் 'ஆட்சேபம் இல்லை' என்று மட்டும் எழுதினேன். கையெழுத்து நன்றாக வந்திருந்தது.

மறுநாள் நீதிபதி நாட்குறிப்பைப் புரட்டி நவம்பரில் ஒரு தேதி கொடுத்தார். சிஸ்டருக்குத் தொலைபேசியில், "கோர்ட்டு நவம்பருக்குத் தள்ளி வச்சிருச்சு சிஸ்டர்," என்றேன். பொய் இல்லை. கோர்ட்டுதான் தள்ளி வைத்தது. அவர், "சரி சார்," என்றார்.

மல்ஹோத்ராவின் அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நடந்தது உண்மை. மூன்றாம் நாள் கட்டுப் பிரித்தாகிவிட்டது. எனக்கு ஒரு பெட்டி பர்ஃபி வந்தது. அக்டோபர் முதல் வாரம் குளத்தில் மோட்டார் வைத்துத் தண்ணீரை இறைத்தார்கள். பிறகு காலை ஏழு மணிக்கெல்லாம் லாரிகள் வந்து மல்பாவைக் கொட்டின. இடித்த வீடுகளின் செங்கல், காரை, உடைந்த ஓடு, இதெல்லாம் சேர்ந்ததற்குத் தில்லியில் மல்பா என்று பெயர். தடை எதுவும் இல்லையே, ஏன் கொட்டக் கூடாது? நான் அவசர மனு கொடுத்தேன். தசரா விடுமுறை, தீபாவளி விடுமுறை. மல்ஹோத்ரா நிஜமாகவே வருத்தப்பட்டார். "க்ளையன்ட் என்னிடம் சொல்லவே இல்லை, தோஸ்த்," என்றார். அவர் சொன்னதை நான் நம்பினேன், இன்றும் நம்புகிறேன். குளத்துக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

நவம்பரில் கமிஷனரை நியமித்தார்கள். அவர் போய்ப் பார்த்துவிட்டு வந்து, 'சமதளம். நீர்நிலை ஏதும் தென்படவில்லை,' என்று எழுதினார். அன்றைய தேதிக்கு அது துல்லியமான அறிக்கை.

அடுத்த ஜூலையில் ஒரே மழையில் சிஸ்டர் வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர் வந்தது. கட்டில் காலுக்கு இரண்டிரண்டு செங்கல் வைத்துப் பார்த்திருக்கிறார். இரண்டாவது மழையில் அதுவும் போதவில்லை. நான்கு பேர் ஞானதாஸைக் கட்டிலோடு தூக்கி ஆட்டோ டெம்போவில் ஏற்றி ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நான் போய்ப் பார்த்தேன். கட்டிலுக்கு எதிரே வெள்ளைச் சுவர். அவர் அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு இடது கையில் நான்கு விரலைக் காட்டினார். சிஸ்டர் என்னைப் பார்க்காமல், "ஆறு," என்றார். குளமே இல்லாதபோது ஏது படி. வராந்தாவுக்கு வந்ததும், "ஏதாவது ஒரு நம்பர் சொல்லுவேன் சார். பொய்யாக்கும். என்ன செய்ய," என்றார். டிசம்பரில் ஞானதாஸ் அதே கட்டிலில் இறந்தார்.

அன்று இரவு நான் சாப்பிடவில்லை என்று எழுதினால் நன்றாக இருக்கும். சாப்பிட்டேன். ஆனால் அந்தச் சுவரை நினைத்தால் எனக்கு இன்றும் வெட்கமாக இருக்கிறது. வேறு வார்த்தை தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

வழக்கை விடவில்லை. சொல்லப்போனால் அதற்குப் பிறகுதான் ஒழுங்காக நடத்தினேன். குளம் இருந்தது என்பதற்கு இப்போது சாட்சி அந்த நோட்டு மட்டுமே. எங்கள் நடைமுறைப்படி நோட்டின் எல்லாப் பக்கங்களையும் நகலெடுத்து, ஒவ்வொரு பக்கத்திலும் 'உண்மை நகல்' என்று முத்திரை வைத்து வக்கீல் கையெழுத்துப் போட வேண்டும். மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தேன் என்று அதற்குப் பொருள். வேற்று மொழி ஆவணம் என்பதால் ஆங்கிலத்திலும் தர வேண்டும்.

மீரா தேதியையும் படி எண்ணையும் வைத்து அட்டவணை போட்டார். எண்கள்தானே, தமிழ் தெரிய வேண்டியதில்லை.

"ஸார், லாஸ்ட் கட்டத்துல என்னமோ தமிழ்ல எழுதியிருக்காங்களே, அது என்ன?"

"எருமை, மழை, வாத்து. வழக்குக்குச் சம்பந்தம் இல்ல. விடு."

அட்டவணை சரி என்று நான் பிரமாணம் செய்தேன். பிறகு உட்கார்ந்து கையெழுத்துப் போட்டேன். நூற்றுக்கு மேற்பட்ட பக்கம், கோர்ட்டுக்கும் எதிர்த்தரப்புக்குமாக மூன்று செட். கண்ணை மூடிக்கொண்டும் போடலாம். ஏறக்குறைய அப்படித்தான் போட்டேன்.

விசாரணையில் மல்ஹோத்ரா, இது யாருக்கும் தெரியாத மொழியில் ஒரு தனிநபர் எழுதிய டைரி என்று ஆட்சேபித்தார். நீதிபதி, "உங்கள் அறிக்கை எனக்குத் தெரிந்த மொழியில்தான் இருக்கிறது. அதில் குளத்தைக் காணோமே," என்றார். குளம் இருந்தது என்று தீர்ப்பு வந்தது. எதிர்த்தரப்பு தன் செலவில் மல்பாவை அள்ளிக் குளத்தைத் திரும்பத் தோண்ட வேண்டும். தோண்டினார்கள். இரும்புக் கம்பி வேலி போட்டார்கள், பெயர்ப்பலகை வைத்தார்கள், நடுவில் ஒரு செயற்கை நீரூற்றும் வைத்தார்கள். தெருத் தண்ணீர் குளத்துக்குள் வர வழி விட மட்டும் மறந்துவிட்டார்கள். அதற்கு இன்னொரு மனு போட்டேன். இப்போது வருகிறது.

தீர்ப்பு வந்த ஆண்டு டிசம்பரில் சிஸ்டர் என் அலுவலகத்துக்கு ப்ளம் கேக் கொண்டுவந்தார். தண்ணீரைப் பற்றிப் பேசினார், வெளியூரில் இருக்கும் மகளைப் பற்றிப் பேசினார். நான் இரண்டு துண்டு சாப்பிட்டேன். ஒவ்வொரு ஆண்டும் கொண்டுவந்தார், ஒவ்வொரு ஆண்டும் சாப்பிட்டேன்.

ஓய்வு பெற்று அலுவலகத்தைக் காலி செய்தபோது பழைய கோப்புகளைக் கட்சிக்காரர்களுக்குத் திருப்பி அனுப்பும் வேலை வந்தது. வேறு வேலை இல்லாததால் ஒவ்வொன்றாகப் படித்தேன். சிஸ்டரின் கோப்பில் நோட்டு நகல். எருமை, மழை, வாத்து. சுவாரசியமாகத்தான் இருந்தது. அந்த ஆகஸ்டு மாதப் பக்கத்துக்கு வந்தேன். தவணை கொடுத்த வாரத்து ஞாயிறு. படி '9' என்று இருந்தது. பக்கத்தில், அதே சின்ன எழுத்தில்:

'கேஸு நவம்பருக்குப் போயாச்சு. நம்ம வக்கீலுக்கு ஆட்சேபம் இல்லியாம்.'

அதற்கு நேர் கீழே முத்திரை. உண்மை நகல். அதன் கீழே என் கையெழுத்து.

நீதிபதியிடம் ஒரு செட், மல்ஹோத்ராவிடம் ஒரு செட், அரசு வக்கீலிடம் ஒரு செட். தீர்ப்பு வரும்வரை எல்லார் மேசையிலும் அது இருந்திருக்கிறது. அந்த மன்றத்தில் அதைப் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

அரை மணி நேரம் கழித்து சிஸ்டரைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். அவர் அதே தரைத்தள வீட்டில்தான் இருக்கிறார்.

"சிஸ்டர், நோட்டுல அந்த ஆகஸ்டுல எழுதினத இப்பத்தான் பாத்தேன்."

"இப்பத்தானா?" என்றார். கொஞ்சம் ஆச்சரியப்பட்டதுபோல் இருந்தது. "நீங்க ஒவ்வொரு பக்கத்திலயும் கையெழுத்துப் போட்டிருந்தீங்கல்லா. படிச்சிட்டுத்தான் போட்டீங்கன்னு இத்தன வருஷமா நெனச்சேன்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அன்னைக்குச் சாயங்காலமே ஆர்டர் வெப்சைட்ல வந்திச்சு சார். உங்களுக்கு ஆட்சேபம் இல்லன்னு அதுலயே போட்டிருந்திச்சு. நாப்பது வருஷம் கேஸ் ஷீட்டு படிச்சவளுக்கு இது படிக்க வராதா?"

"அப்பவே ஏன் கேக்கல?"

"கேட்டா நீங்க வெக்கப்பட்டுக் கேஸ விட்டுட்டுப் போயிருவீங்க. அவருக்கு வீடு வேணும். எனக்கு வக்கீல் வேணும். கோவப்படதுக்கு எங்க சார் நேரம்?"

"தப்புப் பண்ணிட்டேன் சிஸ்டர். அன்னிக்கு உங்ககிட்ட மறைச்சதும் தப்பு. மன்னிச்சிருங்க," என்றேன். இந்த வாக்கியத்தை நான் எந்த மன்றத்திலும் சொன்னதில்லை, அதனால் சரியாக வரவில்லை.

மறுமுனையில் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. செருப்புச் சத்தம். வெளியே போகிறார் என்று தெரிந்தது. கொஞ்ச நேரம் கழித்து மூச்சு வாங்கியபடி பேசினார்.

"எட்டாம் படி சார்," என்றார். வைத்துவிட்டார்.

மீரா கேட்ட கட்டுரை இதுதான். எங்கள் காலத்தில் வக்கீல்கள் ஒருவருக்கொருவர் எவ்வளவு மரியாதையாக இருந்தோம் என்பது இதில் இருக்கிறது. மீராவின் அம்மாவுக்கு அனுப்பும் முன் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தேன். அதன் பிறகுதான் கையெழுத்துப் போட்டேன்.